கோலாலம்பூரில் அம்மாவுக்குக் காய்கறிச் சாப்பாடு தேடுவது எப்படி?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து தன் தாயாரைக் கோலாலம்பூர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவிருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அம்மா பிறவியிலேயே சைவம், முட்டையும் தொடமாட்டார், நெடுநாளாக இனிப்புநீர் நோய்க்கு மருந்து எடுத்துக்கொள்கிறார். சென்ற முறை தலைநகரில் தங்கியிருந்த நாள்களில் காலையில் பூரி, மதியம் பொரித்த மீ (நூடுல்ஸ்), இரவில் ரொட்டி சானாய் என்றே பொழுது போய்விட்டது. ஊர் திரும்பும்போது இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தது. இந்த முறை ஒரு வாரம் தங்க வேண்டியிருப்பதால், வெளியே வாங்கிச் சாப்பிடும் சாப்பாட்டிலேயே காய்கறி நிறைந்ததாகவும் அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்வதாகவும் எதை, எங்கே தேடுவது என்று கேட்கிறார். மருத்துவமனை உணவுப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையிலும், அதே ஊரில் இருந்துகொண்டு கோலாலம்பூருக்குப் போய்வருகிறவள் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தம்பி, நல்ல காய்கறிச் சாப்பாடு அங்கே தாராளமாகக் கிடைக்கும். ஆனால் சைவக் கடை என்ற பலகையை மட்டும் நம்பிப் போனால் கிடைக்காது. நம்முடைய சைவக் கடைகளில் பெரும்பாலும் விற்பது அரிசியும் மைதாவும் உருளைக்கிழங்கும் எண்ணெயும்தான். பூரி, பரோட்டா, நெய்த்தோசை, வடை, பிரியாணி என்று வரிசையாகச் சாப்பிட்டு முடித்தாலும், சைவம் காத்தாகிவிடுமே தவிர ஒரு கைப்பிடிக் கீரைகூட வயிற்றுக்குள் போயிருக்காது. தோட்டத்து வீட்டில் உங்கள் அம்மா சாப்பிடுவதை நினைத்துப் பாருங்கள்: பின்கட்டில் பறித்த முருங்கைக்கீரை, பசலை, பயற்றங்காய், பூசணி என்று அன்றாடம் ஏதாவது ஒன்று தட்டில் இருக்கும். நகரத்துக்குப் போனதும் விடுபட்டுப்போவது அதுதான். ஆகவே கடைக்குள் நுழையும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, இங்கே காய்கறியை எப்படிச் சமைக்கிறார்கள், எத்தனை வகை இருக்கிறது, எப்போது சமைத்தார்கள் என்பதே.

மலேசிய சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செப்பாரோ' (கால், கால், பாதி) என்று ஒரு தட்டுமுறையைப் பரப்பி வருகிறது. தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு சோறு அல்லது அதற்கு ஈடானது, மீதிக் கால் பங்கு புரதம். சைவர்களுக்குப் புரதம் என்றால் பருப்பு, கடலை, சோயாவில் செய்யும் தௌஃபூ, தெம்பே. கோலாலம்பூரில் எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் இந்த அளவை மனத்தில் வைத்துக்கொண்டு தட்டைப் பாருங்கள். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இந்தியர்களிடையே அது அதனினும் மிகுதி. ஆகவே சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டிக் கேட்பதில் கூச்சப்பட எதுவுமில்லை. கடைக்காரர்களுக்கும் அது புதிதல்ல.

முதலில் தங்குமிடம். அறை எங்கே எடுக்கிறீர்கள் என்பது சாப்பாட்டில் பாதியைத் தீர்மானித்துவிடும். நம் ஊர் நிலையத்தில் ஏறும் இ.டி.எஸ். இரயில் கே.எல். சென்ட்ரலில் கொண்டுபோய் விடுகிறது. அதை ஒட்டியே பிரிக்பீல்ட்ஸ் இருக்கிறது. (அங்கே முதலில் கால் வைக்கும் பெரிய சாலையான ஜாலான் துன் சம்பந்தன், நம் சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தனின் பெயரைத் தாங்கியது என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள், மகிழ்வார்.) மருத்துவமனைக்கு அருகில் அறை கிடைத்தால் நடை குறையும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் சைவம் சாப்பிடும் முதியவரை வைத்துக்கொண்டு ஒரு வாரம் தங்குவதற்குப் பிரிக்பீல்ட்ஸே மேல் என்பது என் கருத்து. அங்கிருந்து மோனோரெயிலில் ஏறினால் கடைசி நிலையமான தித்திவங்சா வரை நேராகப் போகலாம். நடக்க முடியாதவர்கள் அங்கே எம்.ஆர்.டி. புத்ராஜெயா தடத்துக்கு மாறினால், 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கோலாலம்பூர் மருத்துவமனை நிலையம் அடுத்ததாகவே வந்துவிடும். காலையும் இரவும் பிரிக்பீல்ட்ஸில், மதியம் மட்டும் மருத்துவமனைப் பக்கம் என்று வைத்துக்கொண்டால் பாடு எளிது.

வாழையிலைச் சாப்பாட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் கேட்டு வாங்கத் தெரிந்தவருக்கு அதைவிட நல்ல காய்கறிச் சாப்பாடு அந்த நகரத்தில் அரிது, தெரியாதவருக்கோ அது சோற்று மலை. இலையைப் போட்டதும் பரிமாறுகிறவர் முதலில் இரண்டு மூன்று வகைக் காய்களை வைப்பார். பின்னாலேயே சோற்று வாளி வந்துவிடும். அவர் கரண்டியை வாளிக்குள் விடும் முன்பே, "அண்ணே, சோறு அரைக் கரண்டி போதும், காய் இன்னொரு முறை வையுங்கள்" என்று சொல்லிவிட வேண்டும். விழுந்த சோற்றைத் திருப்பி எடுக்க முடியாது. இலையில் கிடப்பதை வீணாக்க நம் தாய்மார்களுக்கு மனமும் வராது. பல கடைகளில் காயை மறுபடி கேட்டால் தனிக் காசு வாங்குவதில்லை. முட்டைக்கோசுப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, கீரை மசியல், வெள்ளரிக்காய்ப் பச்சடி ஆகியவற்றை இருமுறை வாங்கலாம். மொறுமொறுவென்று வறுத்த பாகற்காயை மட்டும் மருந்து என்று நினைத்து அள்ள வேண்டாம். மாவில் புரட்டி எண்ணெயில் முங்கி எழுந்த பிறகு அது வெறும் நொறுக்குத் தீனி. அப்பளம் ஒன்று போதும். புழுங்கலரிசிச் சோறு இருந்தால் பச்சரிசியைவிட அதைக் கேளுங்கள். சர்க்கரை சற்று மெதுவாக ஏறும்.

சாப்பிடும் வரிசைக்கும் பயன் உண்டு. காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் தொடுகிறவர்களுக்கு உணவுக்குப் பின் சர்க்கரை ஏறுவது குறைவாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அம்மாவுக்கு இது பழகிய முறையாக இருக்காது. "முதலில் கூட்டை முடியுங்கள் அம்மா, பிறகு ரசம் சோறு" என்று பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் கேட்பார்.

இன்னொன்று. வாழையிலைக் கடைகளில் பல, அசைவமும் சமைப்பவை. அங்கே சைவக் குழம்புக்கும் மீன் குழம்புக்கும் ஒரே கரண்டி போய்வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அம்மாவுக்கு அது மனம் ஒப்பாது என்றால் முழுச் சைவக் கடைகளுக்கே போங்கள். பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் தம்பிப்பிள்ளை, ஜாலான் ஸ்காட் சுற்றுவட்டத்தில் அவை இருக்கின்றன. ஜாலான் பெர்ஹாலாவில் பௌத்த மகா விகாரைக்குப் பக்கத்தில், டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் வளாகத்தில் அன்னலட்சுமி சைவ உணவகம் உண்டு. புறப்படும் முன் நேரத்தைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது. மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்தில் இறங்கினால், முன்னாளில் செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்த லெபோ அம்பாங்கிலும் தென்னிந்தியச் சைவக் கடைகள் உள்ளன. எந்தக் கடையானாலும் பதினொன்றரைக்கும் பன்னிரண்டரைக்கும் இடையில் போய்விடுங்கள். இரண்டரை மணிக்குமேல் பொரியல் வாடி, கூட்டு கெட்டியாகி, மிஞ்சியது உருளைக்கிழங்கு மட்டும் என்ற நிலை வந்துவிடும்.

காலைப் பலகாரத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இட்லி இரண்டு, சாம்பார் நிறைய, தேங்காய்ச் சட்னி கொஞ்சம். சாம்பாரில் காய் இருக்கிற கடையாகப் பார்த்து, "காய் அள்ளிப் போடுங்கள்" என்று கேளுங்கள். கேழ்வரகுத் தோசை கிடைத்தால் நல்லது. மாமாக் கடை எனப்படும் இந்திய முஸ்லிம் கடைகளின் ரொட்டி சானாயைத் தவிர்த்துவிடுங்கள். மைதா மாவில் கொழுப்பும், பல இடங்களில் இனிப்புக் கெட்டிப்பாலும் முட்டையும் சேர்த்துப் பிசைகிறார்கள். அங்கே பருப்புக் குழம்பு கேட்டாலும் பழக்கத்தில் மீன் குழம்பைக் கொஞ்சம் கலந்து ஊற்றிவிடுவதுண்டு.

நம்மவர்கள் பலர் எட்டிப் பார்க்காத இடம் சீனர்களின் சைவ உணவுக் கடை. அந்தத் தயக்கத்தை விட்டுவிட்டால் அம்மாவின் ஒரு வாரச் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிடும் என்றே நான் சொல்வேன். பௌத்த நெறியில் நடத்தப்படும் இக்கடைகளில் இறைச்சி, மீன் மட்டுமன்றி வெங்காயம், பூண்டும் சேர்ப்பதில்லை. உள்ளே நுழைந்தால் நீளமான மேசையில் தட்டுத்தட்டாகக் கறிகள் அடுக்கியிருக்கும்: சாவிக் கீரை, கைலான், கங்கோங், சக்கரவள்ளி இலை, பயற்றங்காய், கத்தரிக்காய், தாவ்கே முளைகட்டிய பயறு, காளான், வேகவைத்த தௌஃபூ. நீங்களே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். தட்டைப் பார்த்துக் கணக்கிட்டுக் காசு வாங்குவார்கள். கண்முன் பார்த்து எடுப்பதால் ஏமாறவும் வழியில்லை. தட்டின் ஒரு மூலையைச் சற்று உற்றுப் பாருங்கள்: கீரைக்கு அடியில் தெளிந்த சாறு தேங்கியிருந்தால் எடுங்கள், எண்ணெய் மினுங்கினால் அடுத்த தட்டுக்குப் போங்கள். இலை இன்னும் பச்சையாகவும் தண்டு விறைப்பாகவும் இருந்தால் சற்றுமுன் வதக்கியது. பழுப்பேறியிருந்தால் காலையில் செய்தது.

அங்கேயும் கவனிக்க வேண்டியவை இரண்டு. சைவக் கோழி, சைவ மீன், சைவ ஆட்டிறைச்சி என்று சோயாவிலும் கோதுமைப் பசையத்திலும் செய்து வைத்திருப்பார்கள். பார்க்க ஆவலாக இருந்தாலும் உப்பும் எண்ணெயும் மிகுதி. சிலவற்றில் முட்டை வெள்ளையும் சேர்ந்திருக்கும். நாள் முழுவதற்குமாக ஒருவருக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இப்படிப்பட்ட துண்டுகளும் சோயா சாஸும் சேர்ந்தால் ஒரே வேளையில் அதில் பெரும்பகுதி போய்விடும். அவற்றை விட்டுத் தௌஃபூவையும் பயறுகளையும் எடுங்கள். அடுத்தது, சில சீனச் சைவக் கடைகள் முட்டைக்கு விலக்கு வைப்பதில்லை. "தாக் மாவு தெலோர்" (முட்டை வேண்டாம்) என்று ஒரு சொல் சொல்லிவிட வேண்டும். சீன நாள்காட்டியில் ஒவ்வொரு மாதமும் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் பௌத்தர்கள் பலர் சைவம் இருப்பதால் அன்று இக்கடைகளில் வகை அதிகம், கூட்டமும் அதிகம். ஒன்பதாம் மாதத்தில், பெரும்பாலும் அக்டோபர் வாக்கில், ஒன்பது பேரரசத் தெய்வங்களின் விழா வரும். அந்த ஒன்பது நாளும் மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகள் நகரெங்கும் முளைத்துவிடும். உங்கள் பயணம் அப்போது அமைந்தால் தேடும் வேலையே இல்லை.

சீனர்களின் உணவுகளில் 'லெய் சா' என்ற ஒன்றை அம்மாவுக்கு ஒரு முறையாவது வாங்கிக் கொடுங்கள். ஹக்கா மக்களின் உணவு. கிண்ணத்தில் கொஞ்சம் சோறு, அதைச் சுற்றிப் பொடிப்பொடியாக நறுக்கி வதக்கிய நான்கைந்து வகைக் கீரையும் பயற்றங்காயும், தௌஃபூத் துண்டுகள், வறுத்த நிலக்கடலை. தேயிலை, புதினா போன்ற தழைகள், எள், கடலை ஆகியவற்றை அரைத்துக் கரைத்த பச்சைச் சாறு தனியாக வரும். சாற்றைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவார்கள். முதல் வாயில் சற்றுக் கசக்கும். அகத்திக்கீரை சாப்பிட்டுப் பழகியவருக்கு அது ஒரு பொருட்டாகாது. அமைச்சு சொல்லும் பாதித் தட்டுக் காய்கறி இதில் தானாகவே அமைந்துவிடுகிறது. சைவக் கடையிலேயே வாங்குங்கள்; மற்ற கடைகளில் உலர்ந்த இறாலோ நெத்திலியோ தூவிவிடுவார்கள்.

மதிய வேளையில் மருத்துவமனையை விட்டு நகர முடியாத நாள் வரும். அப்போது கையில் கிடைப்பது சிற்றுண்டிச் சாலையோ மலாய்க்காரர்களின் நாசி சம்பூர் (சோறும் பலவகைக் கறியும்) கடையோதான். அங்கே ஊலாம் என்ற பச்சிலைத் தட்டு இருக்கும்: பெகாகா எனப்படும் நம் வல்லாரை, ஊலாம் ராஜா, வெள்ளரி, பயற்றங்காய். இலைகளைப் பச்சையாகவோ லேசாக வெந்நீரில் காட்டியோ வைத்திருப்பார்கள். ஊலாமும் தௌஃபூவும் தெம்பேயும் கொஞ்சம் வெறுஞ்சோறும் எடுத்தால் நல்ல சாப்பாடு ஆகிவிடும். தொட்டுக்கொள்ள வைத்திருக்கும் சம்பாலில் மட்டும் கை வைக்க வேண்டாம். இறாலை நொதிக்கவைத்துச் செய்யும் பெலாச்சான் இல்லாத சம்பால் அங்கே அபூர்வம். கங்கோங் வறுவலிலும் அதுவே. இலைகளுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் மணல்போல் துகள் ஒட்டியிருப்பதும், கிட்டே குனிந்தால் கருவாட்டு வாடை வீசுவதும் அதன் அடையாளம். சாயோர் லோடே பார்வைக்குக் காய்கறிக் குழம்பாக இருந்தாலும் உலர்ந்த இறால் அரைத்துச் சேர்ப்பது வழக்கம், தேங்காய்ப்பாலும் நிறைய. தெம்பேயை நெத்திலியோடு சேர்த்து வறுத்திருக்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நோன்பு மாதத்தில் இக்கடைகள் பகலில் மூடியிருக்கும் என்பதால் அன்று பொட்டலம் கட்டிக்கொண்டு போவதே வழி.

கேட்கும் முறையும் முக்கியம். "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் கோழியும் மாடும் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு, சிப்பியில் செய்த ஆய்ஸ்டர் சாஸை ஊற்றுகிறவர்கள் உண்டு; அவர்கள் மனமறிந்து செய்வதல்ல. வேண்டாத பொருளைப் பெயர் சொல்லி மறுப்பதே பாதுகாப்பு: "தாக் மாவு பெலாச்சான், ஊடாங் கெரிங், ஈக்கான் பிலிஸ், சோஸ் தீராம்" (பெலாச்சான், உலர்ந்த இறால், நெத்திலி, ஆய்ஸ்டர் சாஸ் வேண்டாம்). சீனக் கடையில் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள் என்ற ஐயம் இருந்தால், சைவக் கடை அல்லாத இடத்தில் கீரை வறுவலையே தவிர்த்துவிடுவது நிம்மதி. ரொஜாக், பொப்பியா, லக்சா, யோங் தௌஃபூ ஆகியவை பெயரளவில் காய்கறிபோல் தோன்றினாலும் இறாலோ மீனோ உள்ளே இருக்கும் பண்டங்கள்.

பேரங்காடிகளின் உணவுக்கூடங்களில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். விலை கூடும், காய் குறையும்.

சர்க்கரை ஏறுவதற்குச் சாப்பாட்டைவிடப் பானமே பல நேரங்களில் காரணமாகிறது. தே தாரிக் என்ற பால் தேத்தண்ணீரில் சேரும் கெட்டிப்பால் பாதிக்குமேல் சீனி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளில் மூன்று குவளை உள்ளே போனால், மதியம் சோற்றைக் குறைத்தது வீண். "தே ஓ கோசோங்" என்றால் பாலும் சீனியும் இல்லாத தேத்தண்ணீர் வரும். "ஆயிர் சுவாம்" என்றால் வெதுவெதுப்பான வெறும் தண்ணீர். பழச்சாறு வேண்டாம், பழமாகச் சாப்பிடட்டும். சௌகிட் சந்தை மருத்துவமனையிலிருந்து அதிகத் தொலைவில்லை. கொய்யா, பப்பாளி அங்கே மலிவாகக் கிடைக்கும். வெட்டிய பழத்தின்மேல் தூவும் அசாம் போய்ப் பொடியில் உப்பும் சீனியும் கலந்திருப்பதால் அதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கைப்பேசி வரைபடத்தில் கடை தேடும்போது நட்சத்திரங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சாப்பிட்டவர்கள் அண்மையில் எடுத்துப் போட்ட தட்டுப் படங்களைத் திறந்து பாருங்கள். படத்துக்குப் படம் பச்சை நிறம் தெரிகிறதென்றால் அந்தக் கடைக்குப் போகலாம். எல்லாம் பொன்னிறமாக மினுங்குகிறதென்றால் அது எண்ணெய்க் கடை. ஹேப்பிகவ் என்ற செயலி சைவ உணவகங்களைத் தனியாகக் காட்டும். சீனச் சைவக் கடைகளைக் கண்டுபிடிக்க அது மிகவும் உதவும். கடைக்குள் போனதும் மாநகர் மன்றம் தரும் தூய்மைத் தரச் சான்றிதழ் சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவமனைக்கு வந்த இடத்தில் வயிற்றுப்போக்கையும் சேர்த்துக்கொள்ளக் கூடாது.

வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டியதும் கொஞ்சம் உண்டு. இரயிலில் போகும் நேரத்துக்கு உப்புக் குறைவாக அவித்த கொண்டைக்கடலையும் இரண்டு கொய்யாவும் போதும். அறையில் வெந்நீர்க் கெண்டி இருந்தால் ஓட்ஸ் வைத்துக்கொள்ளலாம். மருத்துவரைப் பார்க்க விடியற்காலையிலேயே கிளம்பும் நாளில் கைகொடுக்கும்.

கடைசியாக, புறப்படும் முன்பே முடித்துக்கொள்ள வேண்டிய ஒன்று. அம்மா இன்சுலின் போட்டுக்கொள்கிறாரா, கிளிகிளசைட் போன்ற மாத்திரை எடுக்கிறாரா என்று மருந்துச் சீட்டைப் பாருங்கள். இவற்றில் எதையாவது எடுப்பவர் திடீரென்று சோற்றைப் பாதியாக்கினாலோ சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனாலோ சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவருக்கு அந்த அச்சம் மிகக் குறைவு. நம் ஊர்ச் சுகாதார நிலையத்தில் கேட்டு, சோறு குறைவதற்கேற்ப மருந்தளவை மாற்ற வேண்டுமா என்று தெரிந்துகொள்ளுங்கள். நீங்களாக மாற்ற வேண்டாம். மெட்ஃபோர்மினை நெடுநாள் எடுக்கும் சைவர்களுக்கு வைட்டமின் பி12 குறைய வாய்ப்புண்டு. கோலாலம்பூரில் இரத்தம் எடுக்கும்போது அதையும் பார்க்கலாமா என்று கேளுங்கள். அங்கே காத்திருக்கும் நேரம் எவ்வளவு நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது. அம்மாவின் பையில் நான்கைந்து இனிப்பு மிட்டாயும் ஒரு சிறிய பொட்டலம் பிஸ்கட்டும் எப்போதும் இருக்கட்டும். கை நடுங்கினாலோ வியர்த்துக் கொட்டினாலோ உடனே மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, கால் மணி நேரம் கழித்துச் சர்க்கரையைச் சோதித்துவிட்டுப் பிஸ்கட்டைச் சாப்பிடச் சொல்லுங்கள்.